ரத்னவேல் செய்த அட்டை இறக்கை

இந்த முறை முதுகுவலி வேண்டாம் என்று ரத்னவேல் முடிவு செய்தார்.

முதுகுவலி போன முறையே வந்து போய்விட்டது. கொழுந்தியாள் கண்மணியின் மகள் திவ்யதர்ஷினிக்குப் பெர்த்தில் கல்யாணம் நடந்தபோது, டிக்கெட் எடுக்க வேண்டிய அன்று காலை வந்தது. மாப்பிள்ளை தாலி கட்டி முடித்த செய்தி வாட்ஸ்அப்பில் வந்த நிமிடம், வந்த வழியே போனது. அதற்கு முன்னால் கண்மணி புதுவீடு குடிபுகுந்தபோது காதுவலி. அதற்கும் முன்னால், "லீவு தர மாட்டேங்கறாங்க லா." ஒரு மனிதனுக்கு எத்தனை உறுப்புதான் இருக்கும்? ஆஸ்திரேலியாவில் நடக்கும் ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒன்றாகச் செலவழித்துக்கொண்டே வந்தால் ஐம்பத்தாறு வயதில் கையில் என்ன மிஞ்சும்?

விஷயம் இதுதான். ரத்னவேலுக்கு விமானம் என்றால் பயம். சாதாரணப் பயம் இல்லை. வயிற்றுக்குள் யாரோ துணி துவைக்கிற மாதிரிப் பயம். இது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும், அவர் பெயர் ரத்னவேல் என்று ரத்னவேல் நம்பிக்கொண்டிருந்தார்.

வெளியில் சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. இருபத்தேழு வருடமாக அவருக்குச் சாங்கி விமான நிலையத்தில் வேலை. சரக்குப் பிரிவு. விமானத்தின் வயிற்றில் என்ன போகலாம், எவ்வளவு போகலாம், எந்தப் பக்கம் போகலாம் என்று எடை பார்த்து அனுப்புகிற மேற்பார்வையாளர். புக்கிட் மேராவில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கில் அவருக்குப் பெயரே 'ஏர்போர்ட் அண்ணன்'தான். மின்தூக்கிக்குள் கால் வைத்தால் போதும்.

"அண்ணே, ஊறுகாயைக் கையில கொண்டு போலாமா?"

"அண்ணே, எந்தப் பக்கம் உக்காந்தா ஆடாது?"

"இறக்கைக்கு மேல உக்காருங்க, ஆட்டம் கம்மி" என்பார் ரத்னவேல், போய் உட்கார்ந்து பார்த்தவர் மாதிரியே. ஆனால் உட்கார்ந்ததில்லை. சிங்கப்பூர்க்காரருக்கு அப்படிக் காலம் தள்ளுவது கஷ்டமும் இல்லை. ஜொகூருக்குப் பஸ். பினாங்குக்குப் பஸ். பாத்தாமுக்குப் படகு. பெண் எடுத்ததே ஈப்போவில். பஸ்ஸில் போய்த் தாலி கட்டி, பஸ்ஸிலேயே பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தவர்.

இப்போது அந்தப் பெண், அதாவது ரஞ்சிதம், கைத்தொலைபேசியைச் சர்க்கரை டின்மேல் சாய்த்து வைத்து, பெர்த்திலிருக்கும் தங்கச்சியோடு காணொளியில் பேசிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அடுத்த மாசம் பதினாறு திவ்யாவுக்கு வளைகாப்பு. முத வளையல் நீதான் போடணும். மாமாவும் வரணும். கல்யாணத்துக்குத்தான் வரல. இதுக்கும் வரலன்னா திவ்யா பேசவே மாட்டேன்னுட்டா. மாமா இருக்காரா?"

"இருக்கார். இந்தா, நாளிதழுக்குப் பின்னாடி."

"மாமா! முதுகு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா" என்று சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று ரத்னவேலுக்குத் தோன்றியது.

"காது?"

"காது... ம், அதுவும்..."

"இவ்ளோ தூரத்துலேருந்து கேக்கறேன், டக்குன்னு பதில் சொல்றீங்களே. காது சூப்பர் மாமா. அப்ப லீவு மட்டும்தான்."

"லீவு முப்பத்தோரு நாள் மிச்சம்" என்றார் ரஞ்சிதம், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் பார்த்தேன்."

மூன்று கதவும் மூன்று நொடியில் மூடிக்கொண்டன. ரத்னவேல் நாளிதழை மடித்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பொய்யெல்லாம் இனி வேண்டாம். விஞ்ஞானத்தைக் கையில் எடுப்போம். பயப்பட வேண்டியது நான் இல்லை, ரஞ்சிதம். "வேணாங்க, போக வேணாம்" என்று அவள் வாயாலேயே வர வேண்டும். "உன் இஷ்டம்மா" என்று நான் பெருமூச்சு விட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வளையல் வாங்கத் தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவுக்குக் கிளம்பினார்கள். பஸ்ஸில் மேல்தளம், முன் இருக்கை. ரத்னவேல் தொண்டையைச் செருமினார்.

"ரஞ்சி, விமானம் எப்படிப் பறக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

"இன்ஜின் இருக்குல்ல."

"இன்ஜின் முன்னால தள்ளும். மேல தூக்கறது யாரு?"

"யாரு?"

"இறக்கை. ஆனா எப்படித் தூக்குது? பள்ளிக்கூடத்துல என்ன சொல்லித் தந்தாங்க? இறக்கை மேல் பக்கம் வளைவா இருக்கும், கீழ தட்டையா இருக்கும். எதிர்ல வர்ற காத்து ரெண்டாப் பிரிஞ்சு மேல ஒன்னு, கீழ ஒன்னு போகும். மேல போற காத்துக்குத் தூரம் ஜாஸ்தி. ரெண்டும் பின்னாடி ஒரே நேரத்துல போய்ச் சேரணும். அதனால மேல் காத்து அவசரமா ஓடும், அங்க அழுத்தம் குறையும், இறக்கை மேல போகும். இதானே?"

"ஆமா, இதான்னு நினைக்கிறேன்."

"தப்பு!"

முன்சீட்டுக் கண்ணாடியே அதிர்ந்தது. பக்கத்தில் இருந்த சீனப் பாட்டியம்மா தன் பையை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

"எதுக்கு ஒரே நேரத்துல போய்ச் சேரணும்? ரெண்டு காத்துக்கும் அப்பாயின்ட்மெண்டா? அப்படி ஒரு சட்டமே கிடையாது. எத்தனை வருஷமா, எத்தனை புத்தகத்துல, இந்தத் தப்பை எழுதி வச்சிருக்காங்க தெரியுமா?"

"அப்ப சரியான காரணம்?"

ரத்னவேல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மெதுவாகத் தலையை இடவலமாக ஆட்டினார். சரியான காரணம் அவருக்கு நன்றாகவே தெரியும். வேலை இடத்துப் பயிற்சியில் சொல்லித் தந்ததும், ஓய்வறையில் உட்கார்ந்து பார்த்த காணொளிகளும் சேர்ந்து அத்துப்படி. ஆனால் பாதியைச் சொல்லிவிட்டு, மீதியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டார்.

"ஐயையோ" என்றார் ரஞ்சிதம். "யாருக்குமே தெரியாதா? தெரியாமலா ஏத்தறாங்க?"

ரத்னவேலுக்கு உள்ளுக்குள் நாதஸ்வரமே வாசித்தது. வெளியில் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டார்.

திட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. ஓட்டையின் பெயரும் ரத்னவேல். அவருக்கு ஒரு வியாதி. யாராவது ஒன்றைத் தப்பாகச் சொன்னால் காது பொறுக்காது, திருத்தியே ஆக வேண்டும். கோயிலில் அர்ச்சகர் நட்சத்திரத்தை மாற்றிச் சொன்னால் வரிசையிலிருந்தே திருத்துவார். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரைச் சோபாவிலிருந்து திருத்துவார். சொந்தக் கல்யாணத்தில், மணமேடையில், மாமனார் பெயரை மைக்கில் தப்பாகச் சொன்னவரைத் தாலியைக் கையில் வைத்துக்கொண்டே திருத்தினவர். ரஞ்சிதம் இதை இருபத்தாறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் முத்துராமனின் வளையல் கடை. ரஞ்சிதம் பச்சையில் ஐந்து டஜன், சிவப்பில் ஐந்து டஜன் எடுத்தார்.

"பெர்த்துக்கா அக்கா? நல்லாச் சுத்தித் தர்றேன். எப்பப் போறீங்க?"

"எங்க போறது தம்பி? பார்சல்ல அனுப்பிட வேண்டியதுதான். விமானம் எப்படிப் பறக்குதுன்னு உலகத்துல ஒருத்தருக்குமே தெரியாதாம். எங்க வீட்டுக்காரர் ஏர்போர்ட்ல இருக்கார், அவரே சொல்றார்."

"அப்படியாண்ணே?"

ரத்னவேல் கண்ணை மூடித் திறந்தார். ஒரு ஞானியின் தலையசைப்பு.

"ரெண்டு காத்து இருக்காம் தம்பி" என்று ரஞ்சிதம் வளையலைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார். "முன்னாடி வரும்போது கோவிச்சுக்கிட்டுப் பிரிஞ்சிடுதாம். ஒன்னு மேல போகுது, ஒன்னு கீழ போகுது. பின்னாடி போய்ச் சமாதானமாயிட்டா விமானம் நிக்குமாம். இல்லாட்டி தொபுக்கடீர்."

"நான் எப்ப அப்படி..." என்று ஆரம்பித்த ரத்னவேல் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

முத்துராமன் யோசித்தார். "எனக்கு என்னமோ அப்படித் தெரியலக்கா. நான் ஊருக்குப் போறப்ப ஜன்னல் பக்கம்தான் உக்காருவேன். இறக்கை லேசா மேலயும் கீழயும் ஆடும். நம்ம கண்ணுக்குத்தான் லேசா. உண்மையில அடிச்சுக்குது. காக்கா மாதிரி."

"காக்கா மாதிரியா?" ரத்னவேலின் குரல் ஒரு கட்டை மேலே ஏறியது. "தம்பி, அது வளையுதுய்யா! வளையற மாதிரித்தான் செஞ்சிருக்காங்க. விறைப்பா இருந்தாத்தான் ஆபத்து. இந்த இறக்கையை ஃபேக்டரியில ரெண்டு ஆள் உயரத்துக்கு மேல வளைச்சுப் பார்த்துட்டுத்தான் வெளிய விடறாங்க!"

"அப்ப உடையாதாண்ணே?"

"எப்படிய்யா உடையும்!"

ரஞ்சிதம் அவரையே பார்த்தார். ரத்னவேல் சட்டென்று ஒரு வளையலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பச்சை நல்லா இருக்கு" என்றார்.

அன்று தப்பித்தார். ஆனால் வீட்டில் தப்பிக்க முடியவில்லை, ஏனென்றால் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் முனீரா இருந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் குடிவந்தவர். ஐம்பது வயதிருக்கும். சாயங்காலம் ஆனால் ரஞ்சிதத்தோடு தேநீர் குடிக்க வந்துவிடுவார். திங்கட்கிழமை ரத்னவேல் வேலை முடிந்து காலணியைக் கழற்றும்போதே சோபாவிலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, அக்கா சொன்னதைக் கேட்டு எனக்குக் கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. இறக்கைக்குள்ள கேஸ் அடைச்சிருக்காங்களாமே, பலூன் மாதிரி? ஓட்டை விழுந்தா என்னண்ணே ஆகும்?"

"இறக்கைக்குள்ள எரிபொருள் இருக்கும்மா! கேஸ் இல்ல!"

"எரிபொருளா? எண்ணெயை ஊத்தி அதைப் பறக்க வேற விடறாங்களா? யா அல்லா!"

செவ்வாய்க்கிழமை: "அண்ணே, விமானம் சும்மா மேல ஏறி நின்னுக்கும், கீழ பூமிதான் சுத்திட்டு இருக்கு, பெர்த் வந்ததும் இறங்கிக்கலாம்னு அக்கா சொல்றாங்களே?"

"பெர்த் கிழக்கு மேற்காவா இருக்கு? தெற்கால இருக்கு! பூமி எப்படிம்மா அப்படிச் சுத்தும்?"

புதன்கிழமை: "இன்ஜின் விசிறிதான் கீழ்ப்பக்கம் ஊதித் தூக்குதாம்."

"இன்ஜின் எந்தப் பக்கம் பார்த்து இருக்குன்னு ஒரு தடவையாவது பார்த்திருக்கீங்களா?"

வியாழக்கிழமை: "கிளம்பறப்ப எல்லாரும் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கணுமாம், அப்பத்தான் எடை குறையுமாம். ஒருத்தர் தும்மிட்டாக்கூடப் போச்சாம்."

ரத்னவேல் சோற்றில் கைவைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் ஜெயித்துக்கொண்டிருந்தார். அது அவருக்குத் தெரியும். பெர்த் பேச்சே வீட்டில் இல்லை. வளையல் மூட்டை அலமாரி மேல் கிடந்தது. இன்னும் பத்து நாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் போதும். ஆனால் மூச்சை இழுத்துப் பிடித்தால் எடை குறையுமாம்! எடை பார்ப்பதையே இருபத்தேழு வருடமாக வேலையாகச் செய்கிறவன் வீட்டில்!

"நீதான் இதெல்லாம் அந்தம்மாகிட்டச் சொல்றியா?" என்றார் ரஞ்சிதத்திடம்.

"நான் என்னத்தச் சொன்னேன்? யாருக்கும் தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. யாருக்கும் தெரியலன்னா ஆளாளுக்கு ஒன்னு சொல்ல வேண்டியதுதான். என் காரணமும் ஒரு காரணம்தானே? நாளைக்கு நம்ம புளோக்குப் பிள்ளைங்களுக்குக்கூடச் சொல்லலாம்னு இருக்கேன்."

"பிள்ளைங்களுக்கா?"

"ஆமா. தும்மல் விஷயம்."

ரத்னவேல் கையைக் கழுவினார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கூடத்து மேசையைச் சுவரிலிருந்து நடுவுக்கு இழுத்தார். மளிகைக் கடை நாள்காட்டியின் அட்டையைக் கிழித்து, மேல்பக்கம் லேசாக வளைவு வரும்படி மடித்து, ஒட்டுநாடா சுற்றினார். இரண்டு குச்சி செருகி, அரிசி நிரப்பிய ஹார்லிக்ஸ் புட்டியின் தலையில் அதை நிறுத்தினார். புட்டியைத் தூக்கிச் சமையலறைத் தராசின் மேல் வைத்தார். எதிரே நின்ற விசிறியை இழுத்து வந்தார். அப்புறம் நீதிமன்றத்தில் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார்.

"ரஞ்சிதம்! முனீரா! ரெண்டு பேரும் இங்க வந்து உக்காருங்க!"

இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். முனீரா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். ரஞ்சிதம் கொய்யாப்பழம் நறுக்கிய தட்டை மடியில் வைத்துக்கொண்டார், படம் பார்க்க வந்த மாதிரி.

"தராசுல என்ன காட்டுது?"

"ஒரு கிலோ இருநூத்திப் பத்து."

"இப்ப பாருங்க." விசிறியை மூன்றில் வைத்தார். காற்று இறக்கையில் மோதியது.

"ஒரு கிலோ இருநூத்தி ஐம்பது!" என்று முனீரா எழுந்தேவிட்டார். "கூடுதுண்ணே! ஐயோ, விமானம் கீழ போகுது!"

"உக்காரும்மா! இறக்கையைத் திருப்பி வச்சுட்டேன்!"

"பைலட்டும் இப்படித் திருப்பி வச்சுட்டா?"

"ரஞ்சி, இந்தம்மாவுக்குக் கொய்யா குடு!"

இறக்கையைச் சரியாகத் திருப்பினார். முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தார். விசிறி சுழன்றது. தராசின் எண்கள் தடுமாறி இறங்கின. ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து நூற்று எண்பது. ஆயிரத்து நூற்று எழுபது. நின்றது.

"நாப்பது கிராம்!" ரத்னவேல் மேசையைத் தட்டினார். "நாப்பது கிராமைக் காத்து தூக்கிக்கிச்சு! ஒரு அட்டையும் ஒரு விசிறியும் நாப்பது கிராம் தூக்குதுன்னா, இந்தக் கூடத்தைவிடப் பத்து மடங்கு பெரிய இறக்கை, புயலைவிட வேகமா வர்ற காத்து, எவ்ளோ தூக்கும்?"

"காத்துல என்னண்ணே இருக்கு தூக்கறதுக்கு? ஒன்னுமே இல்லாத இடம்."

"ஒன்னுமே இல்லையா? இந்தக் கூடத்துல இருக்கற காத்தை மட்டும் தராசுல வச்சா ஒரு ஆள் எடை இருக்கும். இப்ப இங்க நாம மூணு பேர் இல்ல, நாலு பேர்!"

முனீரா பின்னால் திரும்பிப் பார்த்தார்.

ரத்னவேல் தையல் பெட்டியிலிருந்து நான்கு நூலை எடுத்து இறக்கையின் பின்விளிம்பில் ஒட்டினார். நூல்கள் நேராகப் பறக்கவில்லை. கீழ்நோக்கிச் சாய்ந்து துடித்தன.

"பாத்தியா? காத்து நேரா வந்துது. இறக்கையோட வளைவைப் பிடிச்சுக்கிட்டுப் போய், கீழ திரும்பி வெளிய போகுது. இறக்கை காத்தைக் கீழ தள்ளுது. காத்து இறக்கையை மேல தள்ளுது. அவ்ளோதான்! நீச்சல் அடிக்கறப்ப தண்ணியைத் தள்ளினா தண்ணி உன்னைத் தள்ளலையா?"

"அப்ப அழுத்தம்னு சொன்னீங்களே?" இது ரஞ்சிதம்.

"அதுவும் இதுவும் ஒன்னுதான்! காத்து அப்படித் திரும்பறப்ப இறக்கைக்கு மேல அழுத்தம் குறையும், கீழ கூடும். நீ எந்தப் பக்கத்துலேருந்து பார்த்தாலும் அதே விஷயம்."

"மேல் காத்து கீழ் காத்துக்காகக் காத்திருக்காதா?"

"காத்திருக்காது! அது முன்னாடியே போய்ச் சேர்ந்துடும்!"

"நம்ம வீட்டு மாதிரி" என்றார் ரஞ்சிதம் முனீராவிடம். "நான் கல்யாண மண்டபத்துல சாப்பிட்டுக் கை கழுவிட்டு இருப்பேன், இவர் வீட்டுல சட்டை தேடிட்டு இருப்பார்."

முனீரா கொய்யாத் துண்டைக் கடித்தார். "மூக்கை ரொம்பத் தூக்கினா இன்னும் மேல போகுமாண்ணே?"

"நல்ல கேள்வி!" ரத்னவேல் உருகிப்போனார். ஆறு நாளில் அந்த வாயிலிருந்து வந்த முதல் நல்ல கேள்வி. இறக்கையைச் செங்குத்தாகச் சாய்த்தார். நூல்கள் கிறுக்குப் பிடித்த மாதிரி எல்லாப் பக்கமும் சுழன்றன. தராசு விறுவிறுவென்று திரும்ப ஏறியது. "அளவுக்கு மேல தூக்கினா காத்து இறக்கையை விட்டு விலகிடும். தூக்கறது நின்னுடும். ஆனா அது பைலட்டுக்குத் தெரியும். அந்த நிலைமை வர்றதுக்கு முன்னாலயே கையில பிடிச்சிருக்கறது கடகடன்னு நடுங்கும், சத்தம் போடும். மூக்கை இறக்கினாச் சரியாயிடும்."

"மூக்கை இறக்கினாச் சரியாயிடும்" என்று ரஞ்சிதம் மெதுவாகத் திருப்பிச் சொன்னார், அவரையே பார்த்து. ரத்னவேல் இறக்கையைப் பழைய சாய்வுக்கே கொண்டுவந்தார்.

"இன்ஜின் நின்னுட்டா?" முனீராவின் கை நெஞ்சுக்குப் போனது.

"நிக்கட்டுமே! இன்ஜின் நின்னா இறக்கை எங்க போச்சு? கல்லு மாதிரி விழுந்துடுமா? சறுக்குமரத்துல இறங்கற மாதிரி இறங்கும். பத்துக் கிலோமீட்டர் உயரத்துல ரெண்டு இன்ஜினும் நின்னாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல சறுக்கிட்டே போகும். இங்க நின்னா மலேசியாவுல பத்து பஹாட் ஊர்ல போய் இறங்கலாம். பஸ் நின்னா என்ன ஆகும்? ஜொகூர் பாலத்துல நாலு மணி நேரம் நிக்கணும்! நான் நின்னிருக்கேன்!"

"ஆட்டம்?"

"குண்டும் குழியுமான ரோட்டுல பஸ் ஆடலையா? அதே ஆட்டம்தான்!"

"அப்ப பயமே வேண்டாமாண்ணே? நீங்களே சொல்றீங்களா?"

ரத்னவேல் நெஞ்சை நிமிர்த்தினார். வாழ்நாளில் இவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல் அவர் பேச்சை யாரும் கேட்டதில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்தார். விசிறிக் காற்றில் தலைமுடி முழுக்கப் பின்னால் நின்றது.

"சொல்றேன். இதைவிடப் பத்திரமான வண்டி உலகத்துல கிடையாது. விமானத்துக்குப் பயப்படறவன் முட்டாள்!"

விசிறி சுழன்றுகொண்டிருந்தது. தராசு ஆயிரத்து நூற்று எழுபதைக் காட்டிக்கொண்டிருந்தது. தான் சொன்ன கடைசி வாக்கியம் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து தன் காதிலேயே நுழைந்ததை ரத்னவேல் உணர்ந்தார்.

"கேட்டியா முனீரா?" ரஞ்சிதம் தட்டைக் கீழே வைத்தார். "இனிமே என்ன பயம்? நாம ரெண்டு பேரும் போய்ட்டு வந்துடலாம். பதினாலாம் தேதி காலை ஃப்ளைட்."

"நாம ரெண்டு பேரா?" என்றார் ரத்னவேல்.

"ஆமாங்க. நானும் முனீராவும். தனியாப் போகணுமேன்னுதான் துணைக்குக் கூப்பிட்டேன். நீங்க வேணாம்."

"ஏன் வேணாம்?"

"முதுகு..."

"முதுகுக்கு என்ன?"

"காது..."

"காது நல்லாத்தான் கேக்குது!"

முனீரா ரஞ்சிதத்தின் பக்கம் சாய்ந்தார். ரகசியமாகக் கேட்டார். அந்த ரகசியம் பக்கத்து புளோக்கு வரைக்கும் கேட்டிருக்கும். "அக்கா, அண்ணனுக்குப் பயமா?"

"சேச்சே. பயமெல்லாம் இல்லடி." ரஞ்சிதம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைப் பற்றிப் பேசுகிற குரல். "அவருக்குக் கொஞ்சம் பழக்கமில்ல. அவ்ளோதான். பாவம். நீ யார்கிட்டயும் சொல்லிடாத."

"நான் ஏங்க்கா சொல்லப் போறேன்? பாவம், நாம ஏன் சொல்லணும்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். சிரித்திருந்தால்கூடத் திருத்தியிருப்பார். இரண்டு பெண்கள் கொய்யாத் தட்டுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு, மாறி மாறிப் 'பாவம்' என்று சொல்வதை எந்த ஏர்போர்ட் அண்ணனால் தாங்க முடியும்?

"யாருக்குப் பயம்?" ரத்னவேல் கைத்தொலைபேசியை எடுத்தார். "எந்த ஃப்ளைட்? நம்பரைச் சொல்லு."

"வேணாங்க. அவசரப்படாதீங்க. அந்த டிக்கெட்டைப் போட்டா ரத்து செய்ய முடியாது."

"நம்பரைச் சொல்லுன்னேன்!"

ரஞ்சிதம் சொன்னார். ஃப்ளைட் நம்பர், நேரம், எத்தனாவது முனையம், எல்லாம் மனப்பாடம். ரத்னவேலின் பாஸ்போர்ட் எண்ணையும், அது காலாவதியாகும் தேதியையும் சேர்த்தே சொன்னார். எதற்காக மனப்பாடம் என்று யோசிக்கிற நிலைமையில் ரத்னவேல் இல்லை. கட்டைவிரலை வைத்து அழுத்தினார். திரையில் பச்சையாக ஒரு சரி விழுந்தது. வயிற்றுக்குள் துணி துவைக்கிறவர் வேலையை ஆரம்பித்துவிட்டார். ஆனால் ரத்னவேலின் முகத்தில் வெற்றி.

"முடிஞ்சது! பார்த்துக்கோ. முனீரா, உன் சீட் நம்பர் என்ன? பக்கத்துலயே போட்டுக்கறேன். வழியில பயம் வந்துதுன்னா நான் விளக்கிச் சொல்றேன்."

"எனக்கு ஏதுண்ணே சீட்?" முனீரா எழுந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "நான் வரலையே."

ரத்னவேல் மனைவியைப் பார்த்தார்.

"ரெண்டு பேர் போறோம்னியே?"

"ரெண்டு பேர்தாங்க போறோம். நான் ஒரு டிக்கெட் போட்டு வச்சிருந்தேன். ரெண்டாவதை நீங்க இப்பத்தானே போட்டீங்க." ரஞ்சிதம் விசிறியை நிறுத்தினார். தராசு பழைய எடைக்கு வந்து நின்றது. "கண்மணிக்கு ஒரு மெசேஜ் போட்டுடறேன்."

ரத்னவேல் வாசலைப் பார்த்துக் கையை நீட்டினார். "அப்ப... அப்ப நீ பயந்தது? கை சில்லுன்னு ஆனது? தும்மல்?"

முனீரா ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். முதல்முறையாக முகத்தில் பயமே இல்லாமல், அழகாக, விமானத்துக்குள் நுழைகிறவர்களை வரவேற்கிற மாதிரி சிரித்தார்.

"இருபத்திரண்டு வருஷம் ப்ளேன்ல பணிப்பெண்ணா இருந்து இந்த வருஷம்தாண்ணே ரிட்டயர் ஆனேன். ஆனா சத்தியமாச் சொல்றேன், இறக்கை எப்படித் தூக்குதுன்னு எங்க ட்ரெயினிங்லகூட இவ்ளோ தெளிவா யாரும் சொல்லித் தரல."